"வூட்டுல சொல்லாதீங்க"

பிள்ளைகளே, ஒருவனைப் பழிவாங்கிய கதையைச் சொல்கிறேன். முதல் தவறு என்னுடையதுதான்.

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். கிரெடிட் கார்டு கடனைக் கட்ட முடியாமல் தவித்தபோது ஒருவன் போன் செய்தான்.

"கடனைப் பாதியா கொறைச்சிடலாம் அண்ணாத்த. எங்க பீஸை மட்டும் முன்னாடியே அனுப்புங்க. பேங்க் போனை எடுக்காதீங்க. வூட்டுல சொல்லாதீங்க, பயந்துடுவாங்க."

மகளின் சைக்கிளுக்கு வைத்திருந்த பணத்தை அனுப்பினேன். மறுநாளே அவன் போன் அணைந்துவிட்டது. பிறகு வங்கிக்கே நேரில் போனேன். பீஸ் எதுவும் கேட்காமல், கடனை மாதத் தவணையாகப் பிரித்துத் தந்தார்கள். ஏமாந்ததை வெட்கத்தால் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து, கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது புது எண்ணிலிருந்து அழைப்பு. பெயர் வேறு, குரல் அதே. என்னை அவனுக்கு நினைவில்லை. ஸ்பீக்கரைப் போட்டேன்.

"சத்தமா சொல்லுங்க சார், காது கேக்கல."

"வூட்டுல சொல்லாதீங்க அண்ணாத்த" என்று அவன் சொன்னதும், பின்சீட்டிலிருந்து என்னோடு வேலை செய்யும் முருகன் எழுந்தார்.

"டேய், என்னை ஏமாத்துனவனும் இவன்தாண்டா!"

இன்னும் இருவர் எழுந்தார்கள். தினமும் ஒரே பஸ்ஸில் போகிறோம், ஏமாந்ததைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை.

"ஓடாதடா, பஸ்ஸு ஃபுல்லா உன் கஸ்டமர்தான் கீறாங்க!" என்று முருகன் கத்தினார். அவன் துண்டித்தான்.

நால்வரும் நேராகப் போய்க் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். பணம் இன்னும் வரவில்லை. நான் அவனை மன்னிக்கவும் இல்லை.

அன்றே வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். மகள் சைக்கிளைப் பற்றிக் கேட்கவில்லை. "அவன் மாட்டிக்கினானாப்பா?" என்றுதான் கேட்டாள்.

யாராவது உங்களிடம் வீட்டில் சொல்லாதே என்றால், உடனே வீட்டில் சொல்லுங்கள். அவனுக்கு அதைவிட வலிக்கும் அடி கிடையாது.