திவாலான கம்பெனிக்கு நான்தான் ஆபீஸ்

ஆன்லைன் கடைக்கு ஆபீஸே கிடையாது என்பார்கள். எங்கள் வட்டாரத்தில் இருந்தது, ஆவுடையார்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பத்துக்குப் பத்து அறையில், அதன் மேனேஜரும் பியூனும் நானேதான்.

செல்போன் ரீசார்ஜ், ஜெராக்ஸ், கரண்ட் பில் கட்டிக் கொடுப்பது, இதுதான் என் பிழைப்பு. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆன்லைன் கம்பெனி ஆள் வந்தார். "கார்டு இல்லாதவங்க, ஆர்டர் போடத் தெரியாதவங்க உங்ககிட்ட காசு குடுக்கட்டும். நீங்க உங்க கணக்குலேருந்து ஆர்டர் போட்டுக் குடுங்க, கமிஷன் உண்டு" என்றார். மிக்சி, ஃபேன், மெத்தை, பள்ளிக்கூடப் பை என்று சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் வாங்கிக் கொடுத்தேன். பிறகு ஒருநாள் கம்பெனி படுத்துவிட்டது. இருபத்து மூன்று பேருடைய சாமான் வரவேண்டியிருந்தது. காசு கட்டிவிட்டுப் பார்சலுக்காகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நாம் சொந்தக்காரர்கள். மேலே படியுங்கள்.

சர்வர் கோளாறு

முதல் வாரம் எனக்கே விஷயம் தெரியாது. ஆப்பைத் திறந்தால் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் "சர்வர் வேலை செய்யலை" என்று பதில் சொன்னேன். நம்பித்தான் சொன்னேன்.

சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் அஞ்சலை அக்கா மகளின் சீருக்காக ஒரு கிரைண்டர் சொல்லியிருந்தார். மூன்று நாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு போனவர், நாலாம் நாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி சொன்னார்: "ஓட்டல்ல ஒரு சர்வர் வரலைன்னா இன்னொருத்தன் பரிமாற மாட்டானா தம்பி? நீங்க மொதலாளிகிட்ட பேசுங்க."

கடைசி நாள்

முதலாளி யாரென்று யாருக்குத் தெரியும்? என்னிடம் இருந்தது வாடிக்கையாளர் சேவை நம்பர் ஒன்றுதான். ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் எடுத்தாள். சின்னக் குரல். நான் இருபத்து மூன்று ஆர்டர் நம்பரையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். அவளும் ஒவ்வொன்றுக்கும் "சரிங்க சார்" சொன்னாள். கடைசி நம்பர் முடிந்ததும், எதிலும் குறித்துக்கொள்ளவில்லை என்றாள். குறிக்கிற கம்ப்யூட்டரைக் காலையிலேயே நிறுத்திவிட்டார்களாம்.

"அப்ப எதுக்கும்மா இவ்வளவு நேரம் படிக்க விட்டே?" என்று கத்திவிட்டேன். அவள் கோபப்படவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை போல, அவள் குரல் காலி அறையில் எதிரொலித்தது. "பெரிய ஹால் சார், இன்னிக்கு நான் மட்டும்தான் வந்திருக்கேன். யாராச்சும் பேசிட்டு இருந்தா நல்லாருக்கும்னு தோணுச்சு. எனக்கும் மூணு மாசச் சம்பளம் வரணும் சார். நீங்க எங்கயாவது மனு குடுத்தீங்கன்னா, என் பேரையும் சேத்துக்குங்க."

ஏதாவது ஒண்ணா இருங்க

மனு கொடுக்க முதலில் போனது அறந்தாங்கியில் உள்ள என் பாங்குக்கு. அங்கேதான் ஒரு விஷயம் விளங்கியது. இருபத்து மூன்றில் ஒன்பது ஆர்டருக்கு நான் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தேன். மிச்சம் பதினாலுக்கும் கணக்கிலிருந்து நேராக அனுப்பியிருந்தேன். கார்டில் கட்டியதற்கு 'பொருள் வந்து சேரவில்லை' என்று தகராறு எழுதிக் கொடுக்கலாம், பாங்கு திரும்பக் கேட்டு வாங்கும். நேராக அனுப்பியதற்கு வழியில்லை. ஏன் சிலதுக்குக் கார்டு, சிலதுக்கு வேறு? கார்டுக்கு ஓ.டி.பி. மெசேஜ் வருகிற அளவுக்குச் சிக்னல் இருந்த நாளில் கார்டில் கட்டினேன், இல்லாத நாளில் கணக்கிலிருந்து அனுப்பினேன். அவ்வளவுதான் காரணம். யாருடைய காசு பிழைக்கும், யாருடையது போகும் என்பதை ஒரு செல்போன் டவர் தீர்மானித்திருக்கிறது.

விண்ணப்பத்தில், பொருள் சொந்த உபயோகத்துக்கா என்று ஒரு கேள்வி. ஒன்பது பேருக்காக ஒன்பது பொருள் வாங்கிய கதையை நான் விளக்கினேன். கவுண்டரில் இருந்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க கடைக்காரரா, கஸ்டமரா? ஏதாவது ஒண்ணா இருங்க சார், ரெண்டுக்கும் சேத்து இந்த ஃபாரத்துல எடம் இல்ல."

பதினோரு மணி மெத்தை

ரிட்டயர்டு கண்டக்டர் ராமசாமி ஐயா முதுகுவலிக்காக ஒரு மெத்தை கேட்டிருந்தார். தினமும் காலை பதினோரு மணிக்கு வருவார். "என்ன தம்பி, ஏதும் தகவல் உண்டா?" என்பார். இல்லை என்பேன். "சரி" என்று ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். அதற்கப்புறம் மெத்தையைப் பற்றிப் பேச்சே வராது. மீமிசல் ரோட்டில் மழைத் தண்ணீருக்குள் பஸ் நின்றது, டிக்கெட் எடுக்காத கல்யாண கோஷ்டி, இப்படி ஏதாவது சொல்லுவார். வீட்டம்மா போய் இரண்டு வருஷம். மகன்கள் இருவரும் கோயம்புத்தூர் பக்கம். ஒரு மணி பஸ் போனதும் எழுந்து போவார்.

கஸ்டமர் என்றே எழுதிக் கொடுத்த விண்ணப்பத்துக்கு, ஏழாவது வாரம் பாங்கிலிருந்து ஒன்பது பேர் பணமும் வந்துவிட்டது, ஐயாவுடையதும் அதில் இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐயா வரும்வரை பொறுக்காமல் நானே அவர் வீட்டுக்கு ஓடினேன். தட்டியதும் கதவைத் திறந்தார். பணத்தை வாங்கினார், எண்ணவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சந்தோசம் தம்பி" என்றார். நான் படியிறங்கும்போது பின்னாலிருந்து கேட்டார்: "அப்ப நாளைக்கு நான் என்னத்தக் கேட்டுக்கிட்டு அங்கிட்டு வர்றது?"

உறையில் வைத்துக் கொடுத்த கமிஷன்

ஒன்பது பேருக்கு வந்தது ஊர் முழுக்கத் தெரிந்தது. பதினாலு பேருக்கு வராதது அதைவிட வேகமாகத் தெரிந்தது. 'வேண்டியவனுக்குக் குடுத்துட்டான், மத்தவன் காசை முழுங்கிட்டான்' என்று பேச்சு கிளம்பியது. டவர் கதையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? டீக்கடைக்குப் போனால் பெஞ்சில் பேச்சு நின்றுவிடும். நான் குடித்து முடித்துத் தெருவில் இறங்கியதும் மறுபடி ஆரம்பிக்கும். ரீசார்ஜுக்கு வருகிறவர்களும் எதிர்க்கடைக்குப் போனார்கள். ஜெராக்ஸ் மெஷினைத் துடைத்துத் துடைத்து அது புதுசு மாதிரி ஆகிவிட்டது.

ஏதாவது செய்தாக வேண்டும் என்று, பதினாலு ஆர்டரிலும் எனக்குக் கிடைத்த கமிஷனை உறையில் போட்டு வீடு வீடாகக் கொண்டுபோனேன். முழுப் பணமும் தர என்னிடம் இல்லை, நான் சம்பாதித்ததையாவது வைத்துக்கொள்ளக் கூடாது என்று நினைத்தேன். வெல்டிங் பட்டறை பாண்டி உறையைப் பிரித்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "ஏண்ணே, அப்ப இம்புட்டு நாளா எங்கிட்ட கமிஷன் வேற எடுத்துக்கிட்டு இருந்தீங்களா?"

கேமராவைத் திருப்புங்க

என் மனைவி தேவகி மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகள் திருச்சியில் ஹாஸ்டலில் படிக்கிறாள். வீட்டில் நானும் ஒரு குக்கரும்தான். தேவகி டியூட்டிக்குப் போகும் முன் மத்தியானம் வீடியோவில் கூப்பிடுவாள். நடந்த எதையும் நான் சொல்லவில்லை. அங்கே நின்றுகொண்டே வேலை பார்க்கிறவளிடம் இதையும் ஏன் ஏற்றுவது? "கடையில கூட்டமா?" என்றால் "ஆமா, ரெண்டு மூணு பேர் நிக்கிறாங்க" என்பேன்.

ஒருநாள் அப்படிச் சொன்னதும், "கேமராவைக் கொஞ்சம் அங்கிட்டுத் திருப்புங்க" என்றாள். திருப்பினேன். கண்ணாடி மேஜை, காலி ஸ்டூல், அதற்கப்பால் வெயில். எனக்கு அவள் முகம் தெரியவில்லை, நான்தான் போனை அந்தப் பக்கம் திருப்பியிருந்தேனே. குரல் மட்டும் வந்தது: "இங்க நான் தனியா இருக்குறதுக்குச் சம்பளம் தர்றாங்க. நீங்க சொந்த ஊர்ல ஏன் சும்மா தனியா இருக்கீங்க? எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

துறைமுகத்தில் ஒரு கையெழுத்து

தேவகியிடம் எல்லாவற்றையும் சொன்ன பிறகு கொஞ்சம் தெம்பு வந்தது. கம்பெனியின் கணக்கை முடிக்கக் கோர்ட்டில் ஒரு அதிகாரியைப் போட்டிருக்கிறார்கள், பணம் வரவேண்டியவர்கள் அவருக்கு எழுதலாம் என்று தெரிந்தது. என் கணக்கிலிருந்து போன பணம் என்பதால், 'இது நான் கொடுத்த காசு' என்று பதினாலு பேரிடமும் கையெழுத்து வேண்டும். கடைசிக் கையெழுத்துக்கு ஜெகதாப்பட்டினம் போனேன். முத்துலெட்சுமி ஐஸ் பிளான்ட் பக்கத்தில் மீன் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் போன படகு எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. அவன் வரும்வரை வீட்டை ஓட்ட வேண்டுமே என்று நகையை வைத்துத் தையல் மெஷினுக்குக் காசு கட்டியவள்.

கையைக் கழுவிவிட்டு வந்து காகிதத்தை முழுக்கப் படித்தாள். "இதுல நாங்க எத்தனாவது ஆளுண்ணே?" என்றாள். உண்மையைச் சொன்னேன். பாங்குகள், அங்கே வேலை பார்த்தவர்கள், அரசாங்க வரி எல்லாம் முன்னால், நாம் வரிசைக்குக் கடைசியில். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையெழுத்துப் போட்டு, ஈரம் படாமல் நுனியில் பிடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "ஆளை விடச் சொல்லியே மனு குடுத்துட்டு ஒக்காந்திருக்கோம். இதையும் அதோட சேத்து வச்சுக்கிறோம், நீங்க வெயில்ல அலையாதீங்கண்ணே."

கட்டம் கட்டமாக மனிதர்கள்

சில மாதம் கழித்து அதிகாரி ஆன்லைனில் ஒரு கூட்டம் போட்டார். போன் திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு முகம், யாருக்கும் சத்தம் கிடையாது. குடோனில் மிச்சமிருந்ததை விற்ற கணக்கை இங்கிலீஷில் படித்தார்கள். என் முறை வந்தது. பதினாலு குடும்பங்களைப் பற்றி எழுதி வைத்திருந்ததைத் தமிழிலேயே படித்தேன். கடைசியில் எழுதாத ஒன்றும் வாயில் வந்துவிட்டது: "என் கடைக்கு இப்ப யாரும் வர்றதில்லைங்க." அதிகாரி "குறிச்சுக்கிட்டோம்" என்றார். அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்.

பணம் ஒரு வழியாக வந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது, கட்டியதில் ஒரு சின்னப் பங்குதான். அதிகாரியின் கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து, பணத்தோடு சேர்த்துப் பதினாலு வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிலர் உட்காரச் சொன்னார்கள், சிலர் சொல்லவில்லை. ஆனால் எனக்கு மறக்காதது கூட்டம் நடந்த அன்று சாயங்காலம் வந்த ஒரு போன். சேலம் பக்கத்திலிருந்து ஒரு பெண். என்னைப் போலவே கடை வைத்து, ஊருக்கெல்லாம் ஆர்டர் போட்டுக் கொடுத்தவள். கூட்டத்தில் என் கட்டத்துக்குக் கீழே இருந்த நம்பரைக் குறித்திருக்கிறாள். பணத்தைப் பற்றிப் பேசப்போகிறாள் என்று நினைத்து நான் காகிதங்களை எடுத்து வைத்தேன். அவள் கேட்டது வேறு: "அண்ணே, கடைக்கு யாரும் வர்றதில்லைன்னு சொன்னீங்கல்ல, அதை இன்னொருக்கா சொல்லுங்க. எங்களுக்கு மட்டும் இப்படி இல்லன்னு நான் சொன்னா எங்க வீட்டுக்காரரு நம்ப மாட்டேங்கிறாரு, ஸ்பீக்கர்ல போடுறேன்."

ஆக, கம்பெனி திவாலானால் கேட்க வருகிறவர்கள் முதலில் வருவார்கள், பணம் கடைசியில் வரும், நடுவில் நாம் தனியாக உட்கார்ந்திருக்கும் மாதங்களுக்குத்தான் வாடிக்கையாளர் சேவை என்று பெயர்.