பெருநாளை அணைக்காமல் ஒரு பெட்டியை மட்டும் மாற்றுவது

எங்கள் ஊர்ச் செய்தித் தளத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஆசிரியர் நஸீர் காக்கா என்னிடம் கேட்டது ஒரு பட்டன். (எங்கள் ஊரில் அண்ணன் காக்கா, அக்கா ராத்தா.)

"இர்ஷாத், எனக்கு ரெண்டு வெப்சைட் வேணாம். ஒண்டுதான். ஆனா ஒரு பட்டன அமத்தினா அது பெருநாளுக்கு உடுத்து நிக்கணும். மறுபடி அமத்தினா வீட்டுச் சாரத்துக்கு வரணும்."

"பெருநாளைக்கு முதல் நாளே மாத்தி வெச்சிட்டாப் போகுதுதானே காக்கா?"

"பிறை உனக்கு முதல் நாளே சொல்லிட்டா வரும்?"

இருபத்தொன்பதாவது நோன்பு திறந்த பிறகுதான் நாளைக்கு நோன்பா பெருநாளா என்று தெரியும். அறிவிப்பு வந்த கையோடு தளம் மாற வேண்டும். பிறை தெரியாவிட்டால் எதுவுமே நடக்காததுபோல் பழைய நிறத்தில் இருக்க வேண்டும். நிறம் மாறுகிற தளங்களைப் பற்றி இணையத்தில் எத்தனையோ பாடங்கள் இருக்கின்றன. எனக்கு அது பிறையிலிருந்து ஆரம்பித்தது.

நிறத்துக்கு நிறத்தின் பெயரை வைக்காதீர்கள்

முன்பிருந்தவர் எழுதிய CSS கோப்பில், அதாவது தளத்தின் தோற்றத்தைச் சொல்லும் கோப்பில், ஒரே பச்சை நிறத்தின் எண் ஊரெல்லாம் சிதறிக் கிடந்தது. தலைப்பில் ஒன்று, பட்டனில் ஒன்று, அடிக்கோட்டில் ஒன்று. அதையெல்லாம் பொறுக்கி எடுத்து ஒரே இடத்தில் வைத்தேன். CSS மாறி என்பது அவ்வளவுதான்: நிறத்தை ஓரிடத்தில் எழுதி அதற்கொரு பெயர் வைப்பது, வேண்டிய இடங்களில் `var()` போட்டு அந்தப் பெயரைக் கூப்பிடுவது.

முதலில் `--பச்சை` என்று பெயர் வைத்தேன். (மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், உலாவி ஏற்றுக்கொள்ளும். நஸீர் காக்கா தானே திறந்து மாற்றட்டும் என்றுதான் தமிழில் வைத்தேன். அவர் இன்றுவரை திறக்கவில்லை.) பெருநாள் தொகுப்பில் அந்தப் பச்சை தங்க நிறமாக மாறியதும் பெயர் பொய்யாகிப் போனது. எது எந்த நிறம் என்று நானே தடுமாறினேன். பிறகு, செய்கிற வேலையை வைத்துப் பெயரிட்டேன்:

```
:root {
  --பின்னணி: #ffffff;
  --எழுத்து: #222222;
  --தலைப்பு: #0b6b4f;
  --அலங்காரம்: none;
}
[data-theme="perunaal"] {
  --பின்னணி: #2b1036;
  --எழுத்து: #f3d98b;
  --தலைப்பு: #ffd24a;
  --அலங்காரம்: url(pirai.svg);
}
```

பட்டனை அமத்தினால் html மீது `data-theme` ஏறும். மாறிகளின் பெறுமானம் மாறும். தளம் முழுக்க ஒரே மூச்சில் உடுப்பு மாற்றும். காக்கா நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு பத்துத் தடவை அமத்திப் பார்த்தார்.

"நல்லம். ஆனா இன்னும் கொஞ்சம் மின்னட்டும்."

"இதுக்கு மேல மின்னினா வாசிக்க ஏலாது காக்கா."

"பெருநாளண்டு ஆருடா வாசிக்கிற?"

மூலைக்கொரு பிறை வைத்தேன். ஒவ்வொரு செய்திப் பெட்டியிலும் சின்ன நட்சத்திரங்கள் தூவினேன். மனிதர் திருப்தியாகச் சிரித்தார்.

அந்த வருடம் பிறை தெரிந்தது. அறிவிப்பு வந்ததும் அமத்தினோம். எங்கள் உம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான்தான். ஆனால் உம்மா போனை எடுத்துப் பார்த்துவிட்டு, "தங்கமாகிட்டு, நாளைக்குப் பெருநாள்தான்" என்று குசினிக்குள் போய்த் தேங்காய் உடைக்கத் தொடங்கினார். ஊரில் உம்மாவைப்போல் எத்தனையோ பேர். நாங்கள் அழகுக்காகப் போட்ட நிறத்தை அவர்கள் அறிவிப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு விளங்கியது அடுத்த நாள்தான்.

பெருநாள் காலை

தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்து வட்டிலப்பத்தில் கை வைக்கிற நேரம் நஸீர் காக்காவின் மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றது. புதுச் சாரம், அத்தர் வாசம். முகம் மட்டும் சரியில்லை.

"இஸ்மாயில் டெய்லர் மௌத்தாகிட்டாரு. லுஹர் தொழுகையோட அடக்கம். லெப்டொப்ப எடு."

எங்கள் பகுதியில் செய்தித் தளம் என்றால் ஜனாஸா அறிவித்தல், அதாவது இறப்புச் செய்திதான் முதலில் வாசிக்கப்படும். பெருநாளன்று பாதி ஊர் சொந்தக்காரர் வீடுகளுக்குப் பஸ் ஏறிவிடும். நண்பகல் லுஹருக்குள் அறிவித்தல் போய்ச் சேராவிட்டால், காலமெல்லாம் ஊருக்கு உடுப்புத் தைத்துக் கொடுத்த மனிதரின் ஜனாஸாத் தொழுகைக்கு ஆள் இருக்காது. இடையில் டெய்லரின் மகள் பவுஸியா ராத்தா காக்காவுக்குப் போன் எடுத்தார்.

"காக்கா, வாப்பாட அறிவித்தல் போடுவீங்கதானே? தம்பி டோஹாவுல. அவனுக்கு வர ஏலாது. உங்கட பக்கத்தத்தான் பாத்துக்கிட்டு இரிக்கான்."

காக்கா சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். முன்தோற்றத்தைத் திறந்தேன். இஸ்மாயில் டெய்லரின் பெயர் தங்க எழுத்தில் மின்னியது. தலைக்கு மேல் பிறை. சுற்றிலும் நட்சத்திரம்.

"இதயா அந்தப் பொடியன் பாக்கிற?" என்றார் காக்கா. "பெருநாள எடு. சாதா நிறத்துக்கு மாத்து."

மாற்றினேன். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. மரியாதையாக இருந்தது. வெளியிட்டோம்.

வட்டிலப்பக் கோப்பையைத் திரும்ப எடுப்பதற்குள் உம்மா போனும் கையுமாக ஓடி வந்தார்.

"மனே, பெருநாள மாத்திட்டாங்களா? நான் சாப்பிட்டுட்டனே."

"இல்ல உம்மா, பெருநாள்தான்."

"அப்ப ஏன் பழைய நிறம்? பிறை பிழையாமா? இண்டைக்கும் நோன்பா?"

நான் விளக்க வாய் திறக்குமுன் காக்காவின் போன் அடித்தது. அவருடைய மச்சான், நிந்தவூரிலிருந்து. சத்தம் எனக்கே கேட்டது.

"மச்சான், வாய்க்குள்ள இறைச்சி கிடக்கு. முழுங்கவா, துப்பவா?"

"முழுங்கு."

"சத்தியமா?"

"முழுங்குடா."

அதை வைத்ததும் இன்னொன்று. பிறகு இன்னொன்று. "ஓம், பெருநாள்தான். ஓம் ஓம், சாப்பிடுங்க. இல்ல, ஒருத்தரும் மாத்தல்ல." இத்தனை பேரில் ஒருவர்கூட இஸ்மாயில் டெய்லரைப் பற்றிக் கேட்கவில்லை. நிறத்தைப் பார்த்துப் பயந்தவர்கள் அறிவித்தலை வாசிக்கவே இல்லை.

காக்கா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு பவுஸியா ராத்தாவை அழைத்தார். பெருநாள் நிறத்தைத் திரும்பப் போட்டால் அறிவித்தலும் மின்னும், போடாவிட்டால் ஊர் குழம்பும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். ராத்தா முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"பெருநாள எடுக்காதீங்க காக்கா. வாப்பா நோன்பு முழுக்க இருந்து தைச்சது ஊர் உடுத்துக்கிட்டு நடக்கத்தானே. அவர்ட பேர் மட்டும் மின்னாம இரிக்கட்டும்."

காக்கா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏலுமாடா?"

பெட்டிக்குள் வேறு சட்டம்

ஏலும். நான் படித்துவிட்டுப் பாவிக்காமல் விட்டிருந்த பகுதி அது. மாறிகளை முழுப் பக்கத்துக்கும் பொதுவான `:root`-இல் மட்டும்தான் எழுத வேண்டும் என்றில்லை. பக்கத்தின் எந்தப் பெட்டியிலும் அதே பெயரைத் திரும்ப எழுதலாம். அந்தப் பெட்டிக்குள் அது சொல்வதுதான் செல்லும். வெளியே பெருநாள் அப்படியே இருக்கும்.

அவசரத்தில் `.janaza` பெட்டிக்குள் நிறங்களை மட்டும் எழுதி, பின்னணிக்கு `var()` போட்டேன். பெருநாள் நிறத்தில் முன்தோற்றத்தைப் பார்த்தேன். பெட்டி வெள்ளையானது. எழுத்து தங்கமாகவே நின்றது. வெள்ளையில் தங்கம், ஒன்றும் வாசிக்க முடியவில்லை.

"பேரயே காணல்லயேடா" என்றார் காக்கா.

இதில்தான் புதியவர்கள் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். `color: var(--எழுத்து)` என்பதை நான் `body`-இல் எழுதியிருந்தேன். அது அங்கேயே கணக்காகித் தங்கமாகிவிடுகிறது. உள்ளே இருக்கும் பெட்டிக்கு வந்து சேர்வது முடிந்துபோன அந்தத் தங்க நிறம்தான், மாறி இல்லை. ஆகவே பெட்டிக்குள்ளும் `color`-ஐத் திரும்ப எழுத வேண்டும்:

```
.janaza {
  --பின்னணி: #ffffff;
  --எழுத்து: #222222;
  --தலைப்பு: #222222;
  --அலங்காரம்: none;
  background: var(--பின்னணி);
  color: var(--எழுத்து);
}
```

பெருநாள் பட்டனை அமத்தினேன். தளம் மறுபடி தங்கமானது. நடுவில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதற்குள் பிறை இல்லை, நட்சத்திரம் இல்லை. ஒரு பெயர், பள்ளிவாசலின் பெயர், லுஹர் தொழுகையோடு என்ற வரி. சுற்றிலும் எல்லாம் மின்னிக்கொண்டிருந்ததால் கண் நேரே அந்த மின்னாத இடத்துக்குத்தான் போனது. காக்காவின் போன் திரும்ப அடித்தது. இந்தத் தடவை, "எந்தப் பள்ளியில தொழுகிற காக்கா?" என்று கேட்டார்கள்.

லுஹருக்கு நான் போனபோது பள்ளிக்குள் இடமில்லை. வெளியே வெயிலில் நின்று தொழுதோம். புது உடுப்போடு வந்தவர்கள் அதே உடுப்போடு அவரை அடக்கம் செய்ய மையவாடிக்கும் நடந்தார்கள். பலருடைய சேட்டு அவர் தைத்ததுதான்.

பெருநாள் முடிந்த பிறகு பவுஸியா ராத்தாவைக் கடைத்தெருவில் கண்டேன். தம்பி அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்திருப்பதாகச் சொன்னார்.

"சுத்தி வரப் பெருநாள், நடுவுல வாப்பா. ரெண்டும் ஒரே நாள்தானே ராத்தா எண்டு சொல்லிட்டு அழுதான். அழட்டும் எண்டு விட்டுட்டன்."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கொண்டாட்டத்துக்கு ஒரு நிறத்தொகுப்பு எழுதினால், அதை வாழ்த்துச் செய்தியில் மட்டும் போட்டு அழகு பார்க்காதீர்கள். அன்றைக்கே ஒரு வீட்டில் மௌத்தும் நடக்கலாம். அந்த வீட்டுச் செய்தியையும் அதே பக்கத்தில் போட்டுப் பாருங்கள். அது சரியாகத் தெரிந்தால்தான் உங்கள் வேலை முடிந்தது.