இந்தி என்று நான் நிரப்பிய கட்டம்

ஒரு குழந்தை வீட்டில் என்ன மொழி பேசுகிறது என்று அந்தக் குழந்தையிடமோ பெற்றவர்களிடமோ கேட்க எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஒரு வாரமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். எரிச்சல்தான் வருகிறது.

லிப்சாவுக்கு ஒன்பது வயது. என் மகள் இனியாவோடு நாலாம் வகுப்பு. அவள் அப்பா திருவையாறு ரோட்டு ரைஸ் மில்லில் நெல் அவிக்கும் வேலைக்கு வந்தவர். ஜூனில் அவளை எங்கள் பள்ளியில் சேர்த்தபோது, பிள்ளைக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது.

வெளிமாநிலப் பிள்ளைகளுக்கு அவரவர் மொழியிலேயே பாடத்தை விளக்கும் ஆன்லைன் வகுப்பு இருக்கிறது, இலவசம் என்று கேள்விப்பட்டேன். பெற்றோர் கமிட்டியில் இருக்கிறேன் அல்லவா... முந்திக்கொண்டு ஃபார்ம் நிரப்பினேன். பெயர், வயது, வகுப்பு. அடுத்த கட்டம் — வீட்டில் பேசும் மொழி. ஒரு நொடி யோசித்தேனா? இந்தி!

வடக்கேயிருந்து வந்தால் இந்திதானே? நம்மை யாராவது 'மதராஸி' என்று சொன்னால் மட்டும் எவ்வளவு ரோஷம் வருகிறது!

ஆறு வாரம். வாரத்துக்கு மூன்று நாள், பள்ளி விட்டதும் எங்கள் ஹாலில், என் போனில். பதினைந்து பிள்ளைகள் உள்ள வகுப்பு. எல்லார் மைக்கும் மியூட். லிப்சா ஹெட்போன் மாட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பாள். அவ்வப்போது தலையாட்டுவாள். 'கவனமாகக் கேட்கிறாள்' என்று மெசேஜ் வேறு வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போன புதன்கிழமை தலைமையாசிரியை கூப்பிட்டார். "ஆன்லைன் கிளாஸ் வெச்சும் ஒண்ணும் ஏறலயேம்மா. திங்கக்கிழமைலேருந்து ரெண்டாவதுல உட்கார வெச்சுடறேன்."

ஒன்பது வயதுப் பிள்ளை, ஏழு வயதுப் பிள்ளைகளோடு! வீட்டுக்கு வந்து புலம்பினேன். இனியா நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"அவளுக்கு இந்தி தெரியாதும்மா. அவ ஊரு ஒடிசா. ஒடியாதான் பேசுவா. பழைய புக்குகூட காட்டினா. எழுத்தெல்லாம் வட்ட வட்டமா இருக்கும்."

"ஏன்டி இத்தனை நாளா சொல்லல?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன். நீதானே ஃபார்ம் போட்ட?"

மொழியை மாற்றுவது லேசா? ஃபார்மில் கொடுத்தது அவள் அப்பா நம்பர்; ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும். ஷிஃப்டில் போன் கையில் இருக்காது. அவர் எடுத்துப் பார்ப்பதற்குள் ஓடிபி காலாவதி. நாலு தடவை! கெஞ்சிக் கூத்தாடி, சனிக்கிழமை ஒரு சோதனை வகுப்பு வாங்கினேன்.

ஒடியா டீச்சர் ஸ்கிரீனில் வந்து என்னவோ கேட்டார். லிப்சா என்னைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள் பாருங்கள்... நாற்பது நிமிஷம்! கொஞ்சம் கட்டைக் குரல் அவளுக்கு. எனக்கு அன்றுதான் தெரியும். நாலாம் வகுப்பு வகுத்தல் கணக்கை மடமடவென்று போட்டாள்.

முடிந்ததா? இல்லை. ஒடியாவுக்கு ஒரே பேட்ச்தான் — காலை பதினொரு மணி. பள்ளி நேரம். லிப்சா கணக்குப் போட்ட நோட்டைப் பார்த்துத் தலைமையாசிரியை இறங்கி வந்தார். "சரி, நாலாவதுலயே இருக்கட்டும். பதினோரு மணிக்கு ஆபீஸ் ரூம்ல உட்காரட்டும். ஆனா அப்பா கையெழுத்து வேணும். மாசக் கடைசிக்குள்ள வரலைன்னா ரெண்டாவதுதான்."

அப்பா போடவில்லை!

"ஒடியா வீட்ல நாங்க பேசுது மேடம்," என்றார் மில் வாசலில், தெரிந்த தமிழில். "ஸ்கூல்ல தமிழ் வேணும். இங்கதான் இருக்கப் போறது."

ரெண்டாவது வகுப்பு என்று விரலைக் காட்டி விளக்கினேன். "பரவால்ல மேடம். தமிழ் வரும்ல?" என்றார். 'நீங்கதானே இந்தி போட்டீங்க' என்று கேட்டிருந்தால்கூடத் தேவலை.

முதலில் அவரைக் கேட்காமல் முடிவெடுத்தேன். இப்போது கேட்டேன் — அவர் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. அக்கறைக்கும் அதிகாரத்துக்கும் நடுவில் எங்கே நிற்கிறேன் நான்?

பிள்ளைகளோடு மொழி தெரியாத ஊருக்குப் போனவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். சொந்த மொழியில் பாடம் கேட்டது உங்கள் பிள்ளைக்கு உதவியதா, புது மொழியைத் தள்ளிப்போட்டதா? நான் மறுபடி அவரிடம் போகட்டுமா, வேண்டாமா? எழுதுங்கள். மாதம் முடியப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒடியா தெரிந்தவர் யாராவது இருந்தால் எழுதவே வேண்டாம்... நேரே மில் வாசலுக்கு வந்துவிடுங்கள்!