மாமா சொன்ன ஆறாம் பாகம்

தொடர் நாவலை நடுவில் தொடங்குகிறவர்களை எனக்கு ஆகவே ஆகாது. என் பேத்தி அப்படிப்பட்டவள் அல்ல. அதனால்தான் அவளோடு எனக்கு ஒத்துப்போகிறது. போன விடுமுறைக்கு மலாக்கா வீட்டுக்கு வந்தபோது ஒரு மாயக்கதைத் தொடரைப் பையோடு தூக்கிக்கொண்டு வந்தாள். ஆங்கிலம், ஒன்பது பாகம், ஒவ்வொன்றும் செங்கல் கனம். எட்டு முடித்துவிட்டேன். கண்புரை அறுவைக்கு நாள் குறித்துவிட்டார்கள். அதற்குள் ஒன்பதையும் முடிக்க வேண்டுமே என்று பதற்றமாக இருக்கிறது.

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் பக்கத்தில் வரைபடம் போட்டது நல்ல காரியம். எந்தக் கோட்டைக்கு எந்த ஆற்றைக் கடந்து போகிறார்கள் என்று தெரியாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஆனால் கணக்கு சுத்தமில்லை. மூன்றாம் பாகத்தில் பறக்கும் குதிரைகள் நான்கு. போரில் ஒன்று செத்துப்போகிறது. ஐந்தாம் பாகத்தில் மறுபடியும் நான்கு! குட்டி போட்டதாக எங்கும் எழுதவில்லை, நான் திருப்பிப் பார்த்துவிட்டேன். பேத்தியிடம் காட்டினால், எங்கள் மலேசிய 'லா'வைப் போட்டுச் சிரிக்கிறாள்.

"தாத்தா, குதிரை பறக்குதுன்னு நம்பிட்டீங்க. அப்புறம் எதுக்கு எண்ணுறீங்க? விடுங்கலா!"

எப்படி விடுவது? பறக்கிற குதிரையை நம்பிவிடலாம். எண்ணிக்கை தவறினால் அப்புறம் எதை நம்புவது?

இந்தப் பித்து என்னைப் பிடித்தது செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பத்து வயதில். மலாக்காவிலிருந்து சைக்கிளில் புத்தகம் கொண்டுவந்து விற்கும் ஒருவர், மஞ்சள் அட்டை போட்ட ஆறு பாகக் கதை ஒன்றை, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் லயத்தில் கடை பரப்பினார். ஆறையும் வாங்க எந்த வீட்டுக்கும் கட்டாது. ஆறு வீடுகள் கூட்டுச் சேர்ந்து ஆளுக்கொரு பாகம் எடுத்துக்கொண்டன. யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கினார்கள். பிறகு மாற்றி மாற்றிப் படிப்பதாகப் பேச்சு. ஆனால் முதல் பாகம் வரட்டும் என்று யார் காத்திருந்தார்கள்? அவரவர் கைக்கு வந்ததை அன்றைக்கே பிரித்து, எழுத்துத் தெரிந்தவர் உரக்கப் படிக்க, வீடே சுற்றி உட்கார்ந்து கேட்டது.

விளைவு பயங்கரம். முதல் பாகத்தில் ஒரு சூனியக்காரி இளவரசனின் தங்கையைக் கல்லாக்கிவிடுகிறாள். நான்காம் பாகத்தில் அதே சூனியக்காரி இளவரசன் காலில் தைத்த முள்ளை எடுத்து, கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறாள். தண்ணீர்க் குழாயடியில் இரண்டு வீட்டுப் பெண்களும் மோதிக்கொண்டார்கள்.

"ஒரு பொம்பளப்புள்ளையக் கல்லாக்கிட்டாளே, அவ வெளங்குவாளா?"

"கஞ்சி ஊத்துன மகராசிய அப்படிப் பேசாதீங்கக்கா. வாய் அழுகிடும்!"

அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை நின்றது. ஐந்தாம் பாகம் எங்கள் தண்டல் வீட்டுக்குப் போயிருந்தது. அந்தப் பாகம் முழுக்க இளவரசன் விஷம் தீண்டி மயங்கிக் கிடக்கிறான். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களை விடியுமுன் எழுப்பி வேலைக்கு விரட்டுவதே தண்டலின் தொழில். "இந்தத் தூங்குமூஞ்சிக்கா ஆறு புத்தகம்?" என்று அவர் போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டுக்கு விழுந்தது மூன்றாம் பாகம். நான் அதைத் தொட மறுத்துவிட்டேன். ஒன்று இருக்கும் வீட்டுக்குப் போய் அங்கேயே உட்கார்ந்து ஒன்றைப் படித்தேன். பிறகு இரண்டு இருக்கும் வீடு. அதன் பிறகுதான் எங்கள் வீட்டு மூன்று. லயமே என்னைப் பார்த்துச் சிரித்தது. ஆனால் அந்தக் கதை எனக்கு மட்டும்தான் கதையாக இருந்தது! பள்ளிக்குப் போகும்போதும் நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும். இளவரசனின் தோழர்கள் ஏழு பேரில் ஒருவன் மூன்றாம் பாகத்தில் கடலில் மூழ்கிப் போனபோது இரண்டு வேளை சாப்பிடவில்லை.

கடைசிப் பாகம் எதிர் வீட்டு மாமாவிடம் இருந்தது. மாமா அம்மாவுக்கு ஒரே அண்ணன். எங்கள் லயத்தில் ஆறாவது பாகத்தை மட்டும் படித்துவிட்டு, மற்ற ஐந்தும் வேண்டாம் என்று இருந்த ஒரே ஆள் அவர்தான்.

"முடிவு தெரிஞ்சிட்டா மனசு திடமாயிரும்டா, மருமவனே. நீ மொதல்ல ஆறப் படி" என்பார்.

"அஞ்சு இன்னும் முடியல மாமா."

"அதுக்குள்ள நாள் போயிரும்டா."

நாள் எங்கே போகும் என்று எனக்கு எரிச்சலாக வரும். மாமா கைக்குழந்தையாகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். அவரிடம் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டை. அம்மா இங்கேயே பிறந்தவள், அவளுடையது நீலம். சிவப்பு அட்டைக்காரர்களுக்கு வேலை பெர்மிட் கிடைக்காது என்று ஆனபோது, தோட்டத்துக்குத் தோட்டம் குடும்பங்கள் கப்பல் ஏறின. மாமாவும் அத்தையும் ஊருக்குப் போகிறார்கள் என்று வீட்டில் பேச்சு அடிபட்டது. ஊருக்குப் போவது என்றால் கல்யாணத்துக்குப் போய் வருவது போல என்றுதான் நினைத்தேன். என் கவலையெல்லாம் ஐந்தாம் பாகத்தைப் பற்றி. தண்டல் மகள் அதை வரிக்கு வரி விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாக அதை வாங்கி, விழுந்து விழுந்து படித்து, கடைசி வரியை முடித்தது மாமா கிளம்புகிற அன்று காலையில்! இளவரசன் கண் விழித்துவிட்டான். கப்பல் தயார். ஊர் திரும்ப வேண்டியதுதான் பாக்கி. புத்தகத்தை வீசிவிட்டு எதிர் வீட்டுக்கு ஓடினேன்.

வீடு காலியாக இருந்தது. தம்பின் ஊர் ரயில் நிலையத்துக்குப் போகும் லோரி வாசலில் நின்றது. சாமான்களின் மேல் மாமாவும் அத்தையும் உட்கார்ந்திருந்தார்கள். லயமே சுற்றி நின்றது. நான் முண்டியடித்துக்கொண்டு போய்க் கத்தினேன்.

"மாமா! ஆறாவது பாகம்!"

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை வாயில் கை வைத்தாள். பட்டுச்சேலை மடிப்புக் கலையாமல் இருக்க அந்தப் புத்தகத்தை நடுவில் வைத்துக் கட்டிவிட்டாளாம். சேலை பெட்டிக்குள். பெட்டிக்கு ஆணி அடித்தாயிற்று. அதன் மேல்தான் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் லோரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். முடிவு கடல் தாண்டிப் போகிறது, இவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்!

மாமா எழுந்து பெட்டி மேல் நின்றார்.

"அழாதடா. நானே சொல்றேன். இளவரசன் கப்பல் ஏறுறான்..."

கூட்டம் நெருங்கியது. லோரிக்கார மலாய்க்காரர் என்ன விஷயம் என்று கேட்டு, யாரோ சொல்ல, இன்ஜினை அணைத்துவிட்டுத் தானும் இறங்கி வந்தார். புயல் வந்தது. சூனியக்காரி வந்தாள்.

"கல்லானவ என்ன ஆனா, அத சொல்லுங்கண்ணே!" என்று முதல் பாகத்து வீட்டம்மா கூவினாள்.

"எந்திரிச்சிட்டா. சூனியக்காரியே வந்து எழுப்பி விட்டுட்டா."

"நான் சொல்லல?" என்று நான்காம் பாகத்து அம்மா அவள் தோளில் இடித்தாள். இருவரும் மறுபடி பேசிக்கொண்டது அன்றைக்குத்தான்.

"அப்புறம் இளவரசனும் ஏழு தோழனுங்களும் ஊர் வந்து சேர்ந்தாங்க" என்றார் மாமா.

எனக்குத் தாங்கவில்லை. "ஆறு பேர் மாமா! ஒருத்தன் மூணாவதுலயே செத்துட்டான்!"

"அவனும் வந்துட்டான்டா. ஒருத்தன் பாக்கியில்லாம எல்லாரும் வந்துட்டாங்க."

அப்போதுதான் பின்னால் கட்டுச்சோற்றுத் தூக்கோடு நின்ற அம்மா முன்னால் வந்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தக் கதையை ஒரு நாளும் உட்கார்ந்து கேட்டதில்லை.

"அண்ணே, அவன் நெசமாவே திரும்பி வந்துட்டானா?"

"வந்துட்டான் தங்கச்சி. அடுப்புல வச்ச சோறு ஆறுறதுக்குள்ள வந்துட்டான்."

அம்மா தூக்கை மேலே நீட்டினாள். லோரி கிளம்பியது.

வளர்ந்து மலாக்காவில் வேலை பார்த்த காலத்தில், ஒரு பழைய புத்தகக் கடையில் அந்த ஆறாம் பாகம் கிடைத்தது. நின்றபடியே கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். கப்பல் எரிந்துபோகிறது. இளவரசன் அந்தத் தீவிலேயே தங்கிவிடுகிறான். தங்கை கடைசி வரை கல்தான். மாமா சொன்னதில் ஒன்றுகூட அதில் இல்லை.

அது பிறகு. லோரி போன அன்று சாயங்காலம் எனக்கு ஒரே குதூகலம். கதை சோறு போடுமா என்று கேட்கும் அம்மா, அத்தனை பேர் முன்னால் கதையைப் பற்றிக் கேள்வி கேட்டுவிட்டாளே! ஆனால் முடிவை மட்டும் கேட்டிருக்கிறாள். அதை உடனே சரிசெய்தாக வேண்டும். அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தவள் பக்கத்தில் போய் முதல் பாகத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன்.

"ம், சொல்லு" என்றாள்.

இளவரசன் தங்கையை விட்டுப் புறப்படும் இடம் வந்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. இதற்கே இப்படி என்றால், மூன்றாம் பாகத்தில் தோழன் கடலில் மூழ்கும்போது என்ன செய்வாளோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. அவன் பிழைத்துக்கொண்டதாகச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு, கதையை யாராவது அப்படி மாற்றிச் சொல்வார்களா என்று, உள்ளது உள்ளபடியே சொல்லிக்கொண்டு போனேன்.