சசிரேகாவின் மீன் தொட்டியும் பகல் தூக்கமும்

சசிரேகாவை முதன்முதலில் பார்த்தபோது அவள் உத்திரமேரூர் பஜாரில் ஒரு பைப் கடை வாசலில் நின்று, குழாயை வளைத்து மாட்டும் எல்போ ஒன்றை வாயில் வைத்து ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக்கு முதல்முதலாக வந்து சேர்ந்த என் டிகிரி சர்டிபிகேட்டைப் பக்கத்துக் கடையில் லேமினேஷனுக்குக் கொடுத்துவிட்டு நான் காத்திருந்த நேரம் அது. பைப் கடைக்காரர் பச்சமுத்து தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா, நாதஸ்வரமா வாங்க வந்த? ஒவ்வொண்ணா ஊதிக்கினு கீற?"

"எத்த ஊதுனா சத்தம் கம்மியா வருதோ அத்த எட்த்துக்கினு போலாம்னுதாண்ணா."

"சத்தம் போடாத பைப்பா? அப்பிடி ஒண்ணு கெடச்சா எங்கூட்டுக்காரி வாய்க்கும் ஒண்ணு மாட்டிப்பேன்."

"இரு, அண்ணிகிட்ட சொல்றேன்."

கடையில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். அவள் மட்டும் எல்போவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சிரிக்காதண்ணா. வூட்ல மீன் தொட்டி கொப்புளிச்சிக்கினே கீது. அவரு நைட் ஷிப்ட். பகல்ல தூங்குனாதான் உண்டு. தூக்கக் கலக்கத்துல மெஷின்ல கைய வுட்டுட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

பேச்சுத் தொடங்கியது அங்கேதான். மற்றதெல்லாம் பிறகு அவளும் அவள் வீட்டாரும் சொல்லிச் சொல்லிச் சேர்ந்தது.

புள்ளலூரில் பிறந்து காவாந்தண்டலத்தில் வாழ்க்கைப்பட்டவள் சசிரேகா. அவள் புருஷன் மோகன்குமார் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் தகடு அழுத்தும் மெஷினில் நிற்கிறவன். மற்றவர்கள் பால் வாங்கப் போகும் நேரத்தில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குவான். நாஷ்டா முடித்த கையோடு பாயை விரிப்பான். கூடத்தைத் தவிர அந்த வீட்டில் ஆள் படுக்க இடமில்லை. அவன் படுத்துவிட்டால் வீடே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். தையல்காரியான சசிரேகா மிஷினை மிதிக்க முடியாது. ஊக்கு வைப்பதும் புடவைக்கு ஃபால்ஸ் தைப்பதும்தான் பகல் வேலை. மாமியார் சொக்கம்மாள் டிவியை ஊமையாக்கிவிட்டு, வாயசைவைப் பார்த்தே யார் யாரைக் கெடுக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடுவாள்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் அந்தத் தொட்டி வந்தது. உத்திரமேரூரில் ஒரு ஓட்டலை இடித்துக் கட்டியபோது, வேண்டாமென்று ஒதுக்கிப்போட்ட நாலடிக் கண்ணாடித் தொட்டி. அங்கே ஒருநாள் இட்லி சாப்பிடும்போது அதற்குள் போய்வந்த மீன்களைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் சாம்பார் ஆறிப்போன நினைவு அவளுக்கு. குட்டியானை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து கூடத்தில் வைத்துவிட்டாள்.

கறுப்பு மோலியும் ஆரஞ்சு நிறத்தில் வாள்வாலுமாக மீன்கள் விட்டாள். ஜன்னல் வெயில் தண்ணீருக்குள் இறங்கிச் சுவரில் ஏறி, தூங்குகிறவன் முதுகில் மெல்லிய வலைபோல ஆடும். ஊசியை நூலோடு நிறுத்திவிட்டு அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். கொஞ்ச நேரத்தில் கூடமே தண்ணீருக்குள் இருப்பதுபோலாகிவிடும். பாய் மிதக்கும். மாமியார் மிதப்பாள். ஊமை டிவி மிதக்கும். பகலெல்லாம் வாய் திறக்க முடியாதவளுக்கு, வாயைத் திறந்து திறந்து மூடியும் சத்தம் வராத அந்த ஜீவன்கள்தான் துணை.

மீன்கள் சத்தம் போடவில்லை, தண்ணீர் போட்டது. தொட்டியின் மூலையில் ஒரு கண்ணாடித் தடுப்பு உண்டு. நிரம்பிய தண்ணீர் அதன்மேல் வழிந்து, தடுப்புக்குள் நிற்கும் குழாய் வழியாகக் கீழே, தொட்டியைத் தாங்கும் மேடைக்குள் இருக்கும் இன்னொரு தொட்டியில் இறங்கும். அங்கே பஞ்சில் வடிகட்டி, மோட்டார் மறுபடி மேலே தள்ளும். இறங்கும்போதுதான் வம்பு. தொண்டையில் சளி கட்டியவன் கொப்புளிப்பதுபோலக் களகளவென்று ஒரு சத்தம். நடுநடுவே கக்கூஸில் தண்ணீர் ஊற்றியதுபோலக் 'கொளக்'.

மோகன்குமார் முதலில் தலையணையைக் காதில் வைத்துப் படுத்தான். பிறகு பஞ்சு வைத்துப் பார்த்தான். ஒரு வாரம் கழித்து, மெஷினில் அவன் கையுறையின் விரல் நுனி மட்டும் மாட்டித் தகட்டோடு போனது. விரல் தப்பியது. வீட்டுக்கு வந்து அந்தக் கையுறையைத் தொட்டிமேல் வைத்தான்.

"சசி, நான் ஒண்ணும் சொல்லல. ஞாயித்துக்கெயமைக்குள்ள சத்தம் நின்னா இருக்கட்டும். இல்லாட்டி திருப்புட்குழி அக்கா எட்த்துக்கினு போறேன்னு சொல்லிகீது."

அவளுக்குக் கோபம் வரவில்லை. நுனியில்லாத அந்தக் கையுறை விரலுக்குள் தன் விரலை விட்டுப் பார்த்தாள்.

குழாய் வாயில் பிளவுஸ் வெட்டிய துணியைச் சுருட்டி அடைத்தாள். சத்தம் குறைந்தது, தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. துணியை எடுத்தாள், சத்தம் திரும்ப வந்தது. கடையில் ஊதி வாங்கிய எல்போவை மாட்டினாள். கொப்புளித்த தொட்டி இப்போது விசிலும் அடித்தது.

"தோ, பாட்டும் கத்துக்கிச்சி," என்றாள் சொக்கம்மாள்.

அந்த வாரம் பிளவுஸுக்கு அளவெடுக்கப் போய் ஏரிக்கரைமேல் திரும்பியவள் கலங்கல் பக்கம் நின்றுவிட்டாள். கார்த்திகை மழைக்கு ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் கலங்கல்மேல் நுரைத்துக்கொண்டு இரைந்து விழுந்தது. பேச்சே கேட்காத இரைச்சல். கரையோடு கொஞ்ச தூரம் நடந்தால் மதகு. அதே ஏரி, அதே தண்ணீர். அங்கே அது அடியிலிருந்து, யாருக்கும் சொல்லாமல், வாய்க்காலுக்குள் போய்க்கொண்டிருந்தது. வெள்ளையாக விழுவதுதான் கத்துகிறது என்று அவளுக்குப் பட்டது. தண்ணீரோடு காற்றும் சேர்ந்து விழுந்தால்தானே நுரை? குழாயை நுரைக்கவிடாமல் கழுத்துவரை நிரப்பி வைத்துவிட்டால்?

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் மண் ரோட்டில் நடக்கவில்லை. ஏதோ பச்சைத் தண்ணீருக்குள் நடப்பதுபோல வந்தாள். எதிரில் வந்த சைக்கிள்காரன் மணியடித்து அலுத்து, "யக்கா, கனாவ வூட்ல போயி காணு" என்று திட்டிவிட்டுப் போனான்.

இறங்குகிற குழாயில், மேடைக்குள், கை எட்டும் இடத்தில், திருகித் திறந்து மூடும் கேட் வால்வு ஒன்று போட்டாள். அதை ஒடுக்கிப் பிடித்தால் குழாய்க்குள் தண்ணீர் நிரம்பி நிற்கும், காற்றுக்கு இடமிருக்காது. குழாயின் கீழ்முனை முதலில் கீழ்த் தொட்டியின் அடிவரை போயிருந்தது. உள்ளே சிக்கிய காற்று வெளியேற முடியாமல் முக்கியது. வெட்டிக் குறைத்து, தண்ணீருக்குள் ஒரு விரற்கடை மட்டும் முங்கும்படி விட்டாள். மேலே தடுப்புக்குள் ஓட்டல்காரர்கள் அடைத்து வைத்திருந்த இரண்டாவது ஓட்டையைத் திறந்து, அதில் கொஞ்சம் உயரமாக இன்னொரு குழாயை நட்டாள். முதல் குழாய் அடைத்துக்கொண்டால் ஏறுகிற தண்ணீர் இதன் வழியே இறங்கட்டும் என்று.

"ஒரு தொட்டிக்கு ரெண்டு பைப்பா? ஒண்ணே உயிர எடுக்குது. அத்த அடச்சி வுடு," என்றான் மோகன்குமார்.

"கலங்கல் இல்லாத ஏரி கீதா? சும்மா இருய்யா."

சனிக்கிழமை வால்வைத் திருகினாள். முழுக்கத் திறந்தால் உறிஞ்சியது. கொஞ்சம் மூடினால் குழாய்க்குமேல் தண்ணீர் ஏறியது. மயிரிழை இந்தப் பக்கம், மயிரிழை அந்தப் பக்கம். திடீரென்று ஒன்றுமே இல்லை. தெருவில் கோழி சீய்ப்பது கேட்டது. மோட்டார் நின்றுவிட்டதோ என்று பயந்து கையை விட்டுப் பார்த்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் முடித்து வந்தவன் படுத்தான், தூங்கினான். சசிரேகா தைத்த பிளவுஸ்களைக் கொடுக்கப் பக்கத்துத் தெருவுக்குக் கிளம்பினாள்.

திரும்பி வாசலை மிதிக்கும்போதே கேட்டது. களகளகள. உள்ளே மோகன்குமார் பாயில் உட்கார்ந்திருந்தான், கண் இரண்டும் சிவந்து. சொக்கம்மாள் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு நின்றாள்.

"யாரு வால்வ தொட்டது?"

"நான்தான். கொழாய தொறந்தே வெச்சிட்டு போயிட்டியேடி. தண்ணி வீணா போவுதேன்னு இறுக்கி மூடிட்டேன்."

அந்த ஊரில் அதைத் தப்பென்று யாரும் சொல்லமாட்டார்கள். பஞ்சாயத்துத் தண்ணீர் விட்டுவிட்டு வருகிற தெருவில், திறந்த குழாயைக் கண்டால் எதிரி வீட்டுக் குழாயானாலும் மூடிவிட்டுத்தான் நகர்வார்கள். சசிரேகாவும் அப்படித்தான் வளர்ந்தவள்.

"அது அந்த கொழா இல்ல அத்த..." என்றவள் தரையைப் பார்த்தாள். பாய் காய்ந்திருந்தது. வால்வு மூடியதும் ஏறிய தண்ணீரெல்லாம் இரண்டாவது குழாயில் இரைந்து விழுந்துகொண்டிருந்தது. அது இல்லாவிட்டால் மோட்டார் தள்ளுவதெல்லாம் விளிம்பில் வழிந்து, படுத்திருந்தவன் முதுகுக்கே வந்திருக்கும். மோகன்குமாரும் அதைப் பார்த்தான்.

"கொஞ்சம் இருய்யா. செட் பண்ணிடறேன்."

"பண்ணு. இனிமே எனக்கு இன்னா தூக்கம்," என்று தொட்டிக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

நேற்று வால்வை எந்த இடத்தில் நிறுத்தினோம் என்று அவளுக்கு நினைவில்லை. மேடைக்குள் தலையை நுழைத்துத் திறந்தாள். குழாய் கனைத்தது, இருமியது, காற்றைக் குமிழ் குமிழாகக் கக்கியது. காத்திருந்தாள். கொஞ்சம் மூடினாள். இருமல் முனகலானது. இன்னும் கொஞ்சம். இரண்டாவது குழாயில் விழுந்த தண்ணீர் மெலிந்து, ஒரு நூலாகி, குழாயின் உட்சுவரோடு ஒட்டி இறங்கத் தொடங்கியது. மேலே வாள்வால் ஒன்று அசையாமல் நின்று அவளையே பார்ப்பதுபோலிருந்தது.

"இப்ப கேக்குதா?" என்றாள், தலையை வெளியே எடுக்காமல்.

வால்வை இன்னும் மயிரிழை மூடினாள்.

"இந்தாய்யா, உன்னத்தான். கேக்குதா?"

எட்டிப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருக்க, தலை ஒரு பக்கம் சாய்ந்து, உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தான் மோகன்குமார். தண்ணீர் வெயில் அவன் முகத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சொக்கம்மாள் உதட்டில் விரலை வைத்து, அவளையே அதட்டுவதுபோலக் கண்ணை உருட்டினாள்.

சசிரேகா இப்போதும் காவாந்தண்டலத்தில் அதே வீட்டில்தான் இருக்கிறாள். வால்வின் கைப்பிடியைக் கழற்றி நூல்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். மோகன்குமார் இன்னும் நைட் ஷிப்ட்தான் போகிறான். பகலில் தூங்குகிறான்.