சி டிரைவில் அண்ணன்

எங்கள் கம்ப்யூட்டர் திறக்க மறுத்த நாளில் வீட்டில் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்திதான். நீலத் திரையில் வெள்ளை எழுத்துகளாக வந்து நின்றுவிட்டது. விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவார்கள், அதைப் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். பதின்மூன்று வயதில் எனக்கு அதைவிடப் பெரிய திருவிழா கிடையாது. அண்ணன் காணாமல் போன மாதத்தில் அப்படிச் சந்தோஷப்படலாமா என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

பம்பலப்பிட்டிக்கு வகுப்புக்குப் போன அண்ணன் திரும்பி வரவில்லை. கொழும்பில், எங்கள் வெள்ளவத்தையில், அந்த வருடங்களில் இதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை. அம்மா ஏறி இறங்கிய அலுவலகங்களில் கேட்டதெல்லாம் முகம் தெளிவாகத் தெரியும் ஒரு படம். அம்மாவிடம் இருந்ததோ அடையாள அட்டையின் போட்டோக்கொப்பி. அதில் அண்ணன் முகத்தில் கரி பூசியவன் போல இருந்தான். எந்த வீட்டுப் பிள்ளை என்று சொன்னாலும் நம்பிவிடலாம்.

வேறு படம் இல்லாமல் போனதற்கு அப்பா காரணம். எங்கள் ஒழுங்கையை ஆமி சுற்றிவளைக்கப் போகிறது என்று கேள்விப்பட்ட ஒரு காலையில், புலிகளின் கையிலிருந்த வன்னியின் சொந்தக்காரர் நிற்கும் படங்களைப் பிரித்தெடுக்க நேரமில்லாமல், அல்பங்களை அப்படியே குளியலறையில் வைத்து எரித்தார். அதற்கு முன்பே அண்ணன் அவற்றையெல்லாம் ஸ்கேன் பண்ணியிருந்தான். ஆமிக்காரன் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் விண்டோஸ் ஃபோல்டருக்குள் கை வைக்கமாட்டான் என்று அதற்குள்ளேயே, யாரும் திறக்க நினைக்காத ஒரு பெயரில் ஒளித்தும் வைத்தான். அப்பாவுக்கு மட்டும் சொன்னான். எனக்குச் சொல்லவில்லை. எனக்கு அவன் வைத்திருந்த பெயர் லவுட்ஸ்பீக்கர்.

அந்தப் படங்களுக்காகத்தான் அப்பா கம்ப்யூட்டரைத் திருத்த அவசரப்பட்டார். நுகேகொடையில் கடை வைத்திருந்த ஒரு சிங்களப் பையன் வந்தார்; சிங்களத்தில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல அவரை அய்யே என்றேன். கடற்காற்றில் துருப்பிடித்த பெட்டியைக் கழற்றிப் பார்த்து, இதில் மீன் பொரித்தீர்களா என்றார். நான் அடுக்கிய கேள்விகளைக் கேட்டு, என்னைத் தங்கச்சியாக்கி, இந்த நங்கி வளர்ந்தால் என் கடையை மூடவேண்டியதுதான் என்றார். டி டிரைவைத் தொடமாட்டேன், விண்டோஸ் இருக்கும் சி முழுக்க அழியும், அதில் வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று அப்பாவைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார். நான் தமிழில் சொல்ல வாயெடுத்தேன்.

அப்பாவின் சிங்களம் மரக்கறிக் கடையோடு முடிந்துவிடும். ஆனால் அந்தப் பதில் மட்டும் வழுவில்லாமல் வந்தது. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பையைத் திறந்து காட்டிச் சொல்லிப் பழகிய பதில்.

“மொகுத் நே, மாத்தயா.”

ஒன்றுமில்லை, ஐயா. அண்ணனைவிட நாலைந்து வயது மூத்த ஒரு பையனை அவர் ஐயா என்றார். ஒளித்த பொருள் ஒளித்த இடத்தில் இருக்கும், வெளி ஆளுக்குக் காட்டிக்கொடுக்காமல் விட்டால் போதும் என்று நினைத்திருக்கிறார்.

அய்யே போனதும் அப்பா கதவைச் சாத்திவிட்டு என் காதுக்குள் அந்தப் பெயரைச் சொன்னார். தேடினேன். விண்டோஸ் புத்தம் புதிதாக இருந்தது. அது இல்லை.

படங்கள் போன கதையைச் சொல்லிக் கூப்பிட்டதும் அய்யே மறுநாளும் வந்தார். படங்கள் ஏன் அந்த இடத்தில் இருந்தன என்று அவர் கேட்கவில்லை. அழித்தவை உடனே போய்விடாது என்று ஒரு சீடியைப் போட்டார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. செத்த டிஸ்க்கிலிருந்து படங்கள் எழுந்து வந்தன, பெயர் போய் வெறும் இலக்கங்களோடு. பச்சைக் குன்று, மஞ்சள் பூ, நூற்றுக்கணக்கான குட்டிப் பொத்தான்கள், எல்லாம் விண்டோஸின் சொந்தப் படங்கள். அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்து, இது இல்லை, இது இல்லை என்றா. பின்னேரம் ஒன்று வந்தது. எண்ணெய் வைத்து வாரிய தலை, நெற்றி, புருவம். அதற்குக் கீழே சாம்பல் நிறம்.

“தம்பி,” என்றா அம்மா; அண்ணனை அவ அப்படித்தான் கூப்பிடுவா. அந்த நெற்றியே அவவுக்குப் போதுமாக இருந்தது. பிறகு அய்யேயைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டா: “இதைக் குடுத்தா எடுப்பினமோ?”

அலுவலகங்களில் இதை ஏற்றுக்கொள்வார்களா என்று நான் சிங்களத்தில் சொன்னேன். அய்யே இன்னொரு முறை தேட விட்டார். மறுபடியும் பச்சைக் குன்றுதான் வந்தது. படங்கள் இருந்த இடத்தில் புது விண்டோஸ் போய் உட்கார்ந்து, அவற்றுக்கு மேலேயே எழுதிவிட்டது என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். நான் அதை எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னேன்.

கதவடியில் நின்ற அப்பா கேட்டார்.

“அப்ப, நாங்களே அதுக்கு மேல எழுதிப்போட்டமோ?”

“ஓம் அப்பா.”

எனக்குப் பதில் தெரிந்த கேள்வி அது. அவர் கம்ப்யூட்டரைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து, ஒரு தாளை எடுத்து வட்டம் கீறி, டிஸ்க் எப்படி வேலை செய்கிறது என்று முதலிலிருந்து விளக்கத் தொடங்கினேன்.