கை நனைக்காத இரண்டு வீட்டார்

என் தங்கைக்குப் பார்த்த வரனுக்காக இரண்டு வீட்டாரும் இரண்டு தடவை கூடினோம். முதல் தடவை எங்கள் வீட்டில். அது கெட்டுப்போனது. இரண்டாவது அவர்கள் வீட்டில். சினிமாக்காரன் எவனாவது அன்று அங்கே இருந்திருந்தால் சிரிப்புப் படம் எடுத்திருப்பான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பசிதான் வந்தது.

எழுபதுகளின் தொடக்கம். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு, விஜயவாடா, சோலாப்பூர் என்று லாரி கிளீனராகவும் ஓட்டல் சப்ளையராகவும் திரிந்துவிட்டு, உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பியிருந்தேன். மணவாள நகரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எங்கள் ஊர். கொஞ்சம் நெல் நிலம் உண்டு.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். கல்யாணப் பேச்சு முடிவாகும்வரை ஒரு வீட்டார் இன்னொரு வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சாப்பிட்டால் சம்மதம் சொன்னதாக ஆகிவிடும். பங்குனியில் மாப்பிள்ளையும் அவர் வீட்டாருமாகப் பதினான்கு பேர் வந்தார்கள். பேச்சு முடிந்துவிடும் என்று நம்பி அம்மா விடியற்காலையிலிருந்து சமைத்திருந்தாள். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. பெரியப்பாதான் எல்லாம். அவர் இலையைப் பார்த்துவிட்டு, "வாய்ச் சொல்லு முடியாம கை நனைக்கறது எங்க வழக்கத்துல இல்ல" என்று எழுந்துவிட்டார். பின்னாலேயே பதிமூன்று பேரும் எழுந்தார்கள். சோறெல்லாம் தெருவுக்குப் போனது. அப்பா மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. அம்மா வேறு மாதிரி. சுட்டு வைத்த வடையில் மூன்று குறைகிறது என்று கண்டுபிடித்து, என் தலையில் போட்டாள். நான் எடுக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? ஊர் சுற்றியவன் கை சும்மா இருக்காது என்று கிணற்றடியில் எல்லோரிடமும் சொன்னாள்.

வைகாசியில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து மறுபடி ஆள் வந்தது. வந்து வீட்டைப் பாருங்கள் என்றார்கள். கிளம்பும்போது தங்கை என்னைப் பின்பக்கம் கூப்பிட்டாள். அவளுக்கு இருபத்து நான்கு. அதற்கு முன்பே மூன்று இடம் தட்டிப்போயிருந்தது.

"ண்ணா, நைனா ரோசத்தப் பாத்துக்கினு இருந்தா நான் இந்த ஊட்லயே கெழவியாயிடுவேன். இந்த தபா முடிச்சிக்கினு வா."

"புடிச்சிருக்கா?"

"புடிக்காமயா சொல்லிக்கினு நிக்கறேன்."

அப்பா, அம்மாவோடு நாங்கள் எட்டுப் பேர். பெரியபாளையத்தில் பஸ் மாறி, புதுவாயலில் இறங்கி, வெயிலில் இரண்டு மைல் நடந்தோம். அப்பா வழியெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார். "தண்ணி கூட குடிக்கக் கூடாது. எவனாச்சும் குடிச்சா அங்கயே உட்டுட்டு வந்துடுவேன்." புதுவாயல் கடையில் நாஷ்டா பண்ணலாம் என்று கேட்டேன். நேரமாகிவிட்டது என்றார்.

அங்கே ஜமக்காளம் விரித்து வைத்திருந்தார்கள். உள்ளே இருந்து சாம்பார் வாசனை வந்தது. பெரியப்பா கும்பிட்டு, "வாங்க சம்மந்தி" என்றார்.

"இன்னும் ஆவல" என்றார் அப்பா.

கல்யாணம் ஆவணியில், மாப்பிள்ளை வீட்டில் என்பதெல்லாம் அரை மணியில் முடிந்தது. சம்மதம் என்ற ஒரு சொல் மட்டும் பாக்கி. பெரியப்பா, "மொதல்ல சாப்புடுங்க, அப்புறம் சொல்றேன்" என்றார். அப்பா, "மொதல்ல சொல்லுங்க, அப்புறம் சாப்புடறோம். உங்க வழக்கந்தான்" என்றார். வெயில் உச்சியைத் தாண்டியது. விருந்தாளிகள் சாப்பிடாததால் அந்த வீட்டிலும் யாரும் சாப்பிடவில்லை. குழந்தைகள் அழுதன. இரண்டு கிழவர்களும் ஆளுக்கொரு தூணில் சாய்ந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பட்டினி எனக்குப் புதிதில்லை. வேலை கிடைக்காமல் மூன்று நாள் தண்ணீரில் ஓட்டியிருக்கிறேன். ஆனால் சமைத்த சோறு பத்தடியில் இருக்கும்போது பட்டினி கிடப்பது என்ன வகை என்று எனக்குப் புரியவில்லை. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். கிளம்பப்போகிறார் என்று தெரிந்தது. தங்கையின் முகம் நினைவுக்கு வந்தது. நான் எழுந்து முற்றத்தில் கை கழுவி, உள்ளே போய் ஓர் இலையைப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு பெண்பிள்ளை திகைத்துப் போய்ச் சோறு வைத்தாள். சாப்பிட்டேன்.

பெரியப்பா எட்டிப் பார்த்து, "பொண்ணு அண்ணன் கை நனச்சிட்டாரு. முடிஞ்சிச்சி" என்றார்.

அப்பா அசரவில்லை. "அவன் ஏழு வருசமா ஊர் ஊரா துன்னவன். அவன் கைக்கு எங்க ஊட்ல மதிப்பு இல்ல. எழுந்திரிங்க எல்லாரும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வயிறு நிறைந்திருந்தது ஒன்றுதான் ஆறுதல். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அப்போது மாப்பிள்ளை வாயைத் திறந்தார். புதுவாயல் ரைஸ் மில்லில் வேலை, அதிகம் பேசாத ஆள்.

"பெரிப்பா, நான் அன்னிக்கே அவங்க ஊட்ல துன்னுட்டேன்."

"எப்போ?"

"நீங்க பேசிக்கினு இருக்கறப்போ. கெணத்தாண்ட கல்யாணப் பொண்ணுகிட்டயே கேட்டேன். குடுத்துச்சி. வடை."

அம்மா முன்னால் வந்தாள்.

"எத்தினி?"

"மூணு."

அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிணற்றடியில் சொன்னதை அவள் திரும்பப் பெற்றதாக இன்றுவரை எனக்குத் தகவல் இல்லை. மாப்பிள்ளையையே பார்த்தாள். பிறகு போய்க் கையைக் கழுவிக்கொண்டு என் பக்கத்தில் ஓர் இலையைப் போட்டு உட்கார்ந்தாள். "பையன் கை அன்னிக்கே நனஞ்சிட்டுது. இனிமே இன்னா பேஜாரு. போடும்மா சோத்த."

பெரியப்பா தரையைப் பார்த்தபடி, "சம்மதந்தான்" என்று முணுமுணுத்தார். அப்பா தெருவில் போய் நின்றார். யாரும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் தானே வந்தார்.

வீடு திரும்பும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். தங்கை வாசலிலேயே நின்றிருந்தாள். அப்பா உள்ளே போகும்வரை பொறுத்திருந்து கேட்டாள்.

"நைனா துன்னாரா?"

"ரெண்டு தபா ரசம் கேட்டாரு" என்றேன்.